அடிமாட்டு விலை

ஐந்து பிள்ளைகள் குடியிருந்த கர்ப்பப்பையை வெட்டியெடுத்துக் காலி செய்ய ஆஸ்பத்திரியில் மூன்று லட்சம் பிராங்க் கேட்டார்கள். நியேலே பேரம் பேசி இரண்டே முக்கால் லட்சத்துக்கு முடித்தாள். அவளுடையது அல்ல; சக்களத்தியுடையது.

அறுவை நல்லபடியாகவே முடிந்தது. மூத்த தாரம் அஸ்ஸிதான்தான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

பமாகோவில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக முடியாது. ராத்திரி எப்படி, வயிறு எப்படி, வலி எப்படி என்று வரிசையாக விசாரித்தாக வேண்டும். அஸ்ஸிதானோடு பெரிய சந்தையில் துணி விற்கிறவர்கள் அத்தனை பேரும் வந்து விசாரித்தார்கள்.

ஒவ்வொருத்திக்கும் பதில் சொல்ல அஸ்ஸிதான் கண்ணை மூடி வலியைத் தேடிப்போனாள். தேடியவளுக்கு அது தாராளமாகக் கிடைத்தது.

நர்ஸ் நியேலேயை வாசலுக்குக் கூட்டிப்போனாள். வலி மருந்தில் குறை வைக்கவில்லை, இன்றும் நடக்காவிட்டால் காலில் ரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்து என்றாள். யாரும் வலியை விசாரிக்க வேண்டாம், அவள் புத்தியை வேறு பக்கம் திருப்பு, பொய்யாவது சொல் என்றாள்.

நியேலே கட்டிலோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, மக கல்யாணத்துக்குன்னு பூட்டி வச்சிருந்தீங்களே நீலத்துணி மூட்டை, அதை நாப்பதாயிரத்துக்குத் தள்ளிவிட்டுட்டேன்."

அஸ்ஸிதானின் கண் திறந்தது.

"நாப்பதா? லட்சத்துக்குக் கேட்டவளையே நான் விரட்டிவிட்டேனேடி. எவகிட்ட குடுத்த? வா, காட்டு."

கால் தரைக்கு வந்தது. ஒரு கை தையலைப் பிடிக்க, மறு கை நியேலேயின் தோளைப் பிடிக்க, தாழ்வாரம் முழுக்க நடந்தாள். வாங்கியவளையும், அவளைப் பெற்றவளையும், வியாபாரம் தெரியாத நியேலேயின் பிறந்த வீட்டையும் திட்டிக்கொண்டே நடந்தாள். வலி எப்படி என்று எதிரே வந்து கேட்டவளிடம், அது கிடக்கட்டும், நீலத்துணி இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டாள்.

நல்ல பொய்யாகப் பிடித்தாய் என்று நர்ஸ் நியேலேயின் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

நியேலே சிரிக்கவில்லை. மூட்டை கைமாறியது அறுவை நடந்த அன்று. அஸ்ஸிதானை உள்ளே தள்ளிக்கொண்டு போனதுமே நியேலே சந்தைக்கு ஓடினாள். மூத்தவள் பிழைக்க மாட்டாள், செத்தவளின் சரக்கைக் கேட்டு அவள் தாய்வீட்டார் வருவதற்குள் காசாக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் படிந்த விலை அது.

மூத்தவள் தாழ்வாரக் கோடியில் நின்று மூச்சு வாங்கினாள். லட்சத்தில் நீ விற்று வாங்கிய நாற்பது போனால் நஷ்டம் அறுபது, அந்த அறுபதாயிரத்தையும் நீதான் எனக்குத் தர வேண்டும் என்றாள்.

அறுபதும் என் பாக்கிதான் என்று நியேலே ஒப்புக்கொண்டாள்.