கழுத்தருகே பட்டை இல்லை

கட்டிலை நிமிர்த்திச் சாய்த்த அறையில் காலை வெயில் தரையெங்கும் கிடக்கிறது. டீச்சரின் கணவர் முதுகுவலிக்காகத் தரையில் விரித்துப் படுக்கும் பாய், மூலையில் கசங்கிக் கிடக்கிறது. பாம்பு பிடிப்பவர் அதைக் கொக்கியால் மெல்ல விலக்க, கறுப்பாய், வழவழவென்று ஒன்று நெளிந்து வருகிறது. டீச்சர் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். விடியலில் இமை தூக்க முடியாமல், நாக்குக் குழறிய கணவரைக் கொழுந்தன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். என்ன பாம்பு என்று டாக்டர் கேட்கிறாராம். போன வாரம் குளியலறையில் பிடிபட்டதும் இப்படித்தான் வெள்ளைப் பட்டைகளோடு இருந்தது. வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லாதது என்று இதே மனிதர் சொன்னார். இப்போது அவர் பாம்பை ஜாடிக்குள் இறக்கி, மூடியைத் திருகி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். "பாருங்க டீச்சர், அதுக்குக் கழுத்துலேயே பட்டை ஆரம்பிச்சுது. இதுக்குக் கழுத்து வெறுங்கறுப்பு. தள்ளித்தான் பட்டை, அதுவும் ரெண்டு ரெண்டா. இது கட்டுவிரியன். கடிச்சா வலிகூடத் தெரியாது." டீச்சர் கைப்பேசியில் அந்தப் பெயரைச் சொல்கிறாள். "சொல்லிடுறேன் அண்ணி. மூச்சுக்குக் குழாய் வச்சிருக்காங்க," என்கிறான் கொழுந்தன். ஜாடிக்குள் பாம்பு தலையை உடலுக்கடியில் மறைத்துக்கொள்கிறது. "முன்னாடி யார் கண்ணுலயாவது பட்டுச்சா?" என்கிறார் பாம்பு பிடிப்பவர். "நேத்து ராத்திரி அவர் பார்த்தாரு. பட்டை போட்ட வாலு கட்டிலுக்கடியில போகுது, உங்களைக் கூப்பிடலாமான்னு கேட்டாரு," என்கிறாள் டீச்சர். "நான்தான், அது ஒண்ணும் பண்ணாது, பேசாம படுங்கன்னு சொன்னேன்."