மிரான் செய்த கேம்

நூலகக் கூடத்துக்குள் நுழைந்த மிரான் அப்படியே நின்றுவிட்டாள்.

மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது அவள் செய்த கேம். மரத்திலிருந்து விழ விழ ஆரஞ்சைக் கூடையில் பிடிக்க வேண்டும். சுற்றிலும் ஒரே கூட்டம். நடுவில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தாள் ஒக்ஜு அக்கா.

இருவருக்கும் சோக்விபோ நகரில் ஒரே ஆரஞ்சுக் கிடங்கில் பழம் தரம் பிரிக்கும் வேலை. 'பிரவுசரில் ஓடும் கேம், நீங்களே செய்யலாம்' என்று நூலகம் இலவச வகுப்பு அறிவித்ததும் சேர்ந்தே போனார்கள்.

அம்புக்குறியைத் தட்டியதும் கூடை முதன்முதலாக நகர்ந்த அன்று மிரான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "அக்கா, நான் சொன்னா அது கேக்குது, பாருங்க."

வகுப்பு முடிவில் நூலகம் வைத்த கண்காட்சிக்கு மட்டும் அவள் பேர் கொடுக்கவில்லை. "நாலு பேர் சிரிப்பாங்கக்கா."

"சரி, ஃபைலையாவது அனுப்பு. வீட்ல ஆடிப் பாக்கறேன்" என்றாள் ஒக்ஜு.

நம்பி அனுப்பியதற்கு இதுவா? மிரானுக்குக் காது சூடேறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"என்னக்கா, அடுத்தவ உழைப்புல நல்லா பேர் வாங்கறீங்க போல."

"வந்துட்டியா தாயே. பழம் எப்படிப் போகப் போக வேகமா விழுதுன்னு கேக்கறாங்க. எனக்கென்ன தெரியும்? செஞ்சவ வருவா, அவளையே கேளுங்கன்னுட்டேன்."

அதற்குள் ஆடிக்கொண்டிருந்தவர் ஒரு பழத்தைக் கோட்டைவிட, ஆட்டம் முடிந்தது. திரையில் எழுத்து வந்தது: 'செய்தவர்: கோ மிரான்.'

மொத்தக் கூட்டமும் அவள் பக்கம் திரும்பியது.

"நீங்கதானா அது? என் மக எந்திரிக்கவே மாட்டேங்கறா."

"அழுகின பழமும் நடுவுல விழற மாதிரி செய்ய முடியுமா?"

"முடியும், முடியும். இன்னிக்கே செஞ்சுடறேன்."

பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிற்று. கால் தரையில் பாவவில்லை.

அரைமணி கழித்துத்தான் சட்டென்று உறைத்தது.

"அக்கா, ரெண்டு மாசமா உக்காந்து மீன் கேம் செஞ்சீங்களே. அது எந்த மேசையில இருக்கு?"

அடுத்த ஆளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டபடியே ஒக்ஜு சொன்னாள்:

"ஆளுக்கு ஒரு மேசைதான்டி குடுத்தாங்க. என்னோடது இதுதான்."