ஆடாமல் அசையாமல்

அருவியின் அடியில் சிவப்பு மழைக்கோட்டு தெரிந்ததும் அவன் கேமராவின் ஷட்டரை அழுத்தினான்.

இனி அரை நிமிடம் யாரும் அசையக் கூடாது. தண்ணீர் மட்டும் அசையலாம். அப்போதுதான் அது படத்தில் காய்ச்சிய பாலை ஊற்றியதுபோல விழும்.

புது அருவிகளைத் தேடிக் கண்டுபிடித்து, படம் எடுக்கும் ஆசை உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போவது அவன் தொழில். எந்த இடமானாலும் முதலில் தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவான். தான் மட்டும் என்றால் மனைவியோடு. அதில் அவனுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

மனைவி எதற்கு என்றால், உயரம் காட்ட. ஆள் நிற்காத அருவி படத்தில் குழாயில் ஒழுகுகிற தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அடியில் நகத்தளவு ஒரு ஆள் நின்றால்தான் பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதற்காகவே அந்தச் சிவப்புக் கோட்டை வாங்கினான். கல்யாணமானதிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கி அவளுக்கென்று அவன் வாங்கிய துணி அது ஒன்றுதான்.

வரும் வழியில் காரில் அவள் பேச்சை எடுத்திருந்தாள். அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது, கூடவே தூரத்து ஊருக்கு மாற்றலும். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அவனும் வருகிறானா, இல்லை அவள் தனியாகத்தான் போக வேண்டுமா? பல நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்காவது ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"வெளிச்சம் போயிடும். எடுத்து முடிச்சதும் சொல்றேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவன் பார்க்க வேண்டியிருந்தது.

பஸ் நிற்கும் இடத்தருகே காரை விட்டுவிட்டு, அவன் கேமராவோடு இந்தக் கரைக்கு ஏறி வந்தான். அவள் கோட்டையும் மலையேறும் கம்புகளையும் எடுத்துக்கொண்டு மரப்பாலம் வழியாக அந்தக் கரைக்குப் போனாள். பாலத்தின் நடுவில் சற்று நின்று திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. அவன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஷட்டர் மூடியது. படம் திரையில் வந்தது.

அவனே எதிர்பார்க்கவில்லை. அப்படி ஒரு படம். பால் வெள்ளையாக அருவி, கறுத்த பாறை, கீழே ஆணி அடித்தாற்போல் ஒரு சிவப்புப் புள்ளி. ஓரத்தில் துளிப் பிசிறு இல்லை.

மூச்சு விடுகிற மனிதர் யாராக இருந்தாலும் அரை நிமிடத்தில் ஓரம் கொஞ்சமாவது கலங்கும். ஆரம்பத்தில் அவளும் அப்படித்தான். ஒரு முறை சாரலில் நடுங்கி ஒரு நல்ல படத்தையே பாழாக்கினாள். அதை அவள் ஃபோனுக்கு அனுப்பி, 'நீ ஆடிட்டே, பார்' என்று எழுதினான். 'சரி' என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவள் ஆடவே இல்லை. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிற ஆள். அடுத்த அருவியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி அலுவலகச் சுவரில் மாட்டினான். வருகிறவர்களிடமெல்லாம், என் மனைவிதான், அந்தக் குளிரில் எப்படி நிற்கிறாள் பாருங்கள் என்று காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வான்.

இப்படி நிற்க வேறு யார் கிடைப்பார்கள்? அவன் மனம் இளகிவிட்டது. அந்த ஊரிலும் மலை இல்லாமலா போகும்?

கைகளை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான். "சரி, நானும் வர்றேன். ரெண்டு பேருமே போயிடலாம்."

சிவப்புக் கோட்டு அசையவில்லை.

அருவி இரைச்சலில் கேட்டிருக்காது. படம் முடிந்தது என்பதற்கு அடையாளமாக எப்போதும் ஊதும் விசிலை ஊதினான். அதற்கும் அசையவில்லை. கோபமாக இருக்கிறாள் போல. முகத்தில் எவ்வளவு கோபம் என்று தெரிந்துகொள்ள, திரையில் படத்தைப் பெரிதாக்கினான்.

கோட்டின் தொப்பிக்குள் முகம் இல்லை.

இரண்டு கம்புகளைக் குறுக்காகக் கட்டி, அதில் கோட்டை மாட்டி, பொத்தான்களைப் போட்டு, காற்றில் பறக்காமல் இடுப்பில் கயிறு சுற்றி, அடி ஓரத்தைக் கற்களால் அமுக்கியிருந்தது. பழகின கைவேலை.

கீழே சாலை வளைவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது.

ஃபோனை எடுத்தான். சிக்னல் இல்லை. ஏதோ தோன்றி, அதிலிருந்த அலுவலகச் சுவர்ப் படத்தைத் திறந்து பெரிதாக்கினான். தொப்பிக்குள் இருட்டு. அதற்கு அடுத்த அருவி, அதற்கும் அடுத்தது. எல்லாவற்றிலும் கோட்டு மட்டும் விறைப்பாக நின்றது.

ஒவ்வொரு தடவையும் விசில் ஊதியதும் ஏதாவது பாறை மறைவிலிருந்து வந்து அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் எப்போதும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு அனுப்பிய செய்திகளில் மேலே மேலே போய், அந்தப் பாழான படத்தைத் தேடிப் பிடித்தான்.

ஓரமெல்லாம் கலங்கி, முகம் இன்னதென்று தெரியாமல், குளிரில் நடுங்கிக்கொண்டு, அந்தக் கோட்டுக்குள் அவள் இருந்தாள்.