கட்சி மாறிய வெட்டுக்கிளி

அந்தப் பச்சைப் பனியனைப் பார்த்ததும் விளையாட்டு ஆசிரியருக்கு வயிறு பற்றி எரிந்தது. நீளம் தாண்டும் மணல்குழிக்கு எதிரே, போட்டிப் பள்ளியின் வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் அவருடைய வெட்டுக்கிளி.

அந்தப் பட்டப்பெயரே அவர் வைத்ததுதான். "வேற ஊருக்குக் குடி போறோம் சார்" என்று போன மாதம் அவளுடைய அம்மா சான்றிதழ் வாங்க வந்தபோது, "எங்க போனாலும் தாண்டறதை மட்டும் விட்டுடாதே கண்ணு" என்று கண்கலங்கி வழியனுப்பியவரும் அவர்தான். வேற ஊராம்! இரண்டு தெரு தள்ளியிருக்கிற பள்ளிக்கூடம், அது ஒரு வேற ஊர்!

அவள் முறை வந்தது. ஓடி வந்தாள், பலகையை மிதித்தாள், எழும்பினாள். அவர் மணிக்கணக்காகக் கத்திக் கற்றுக்கொடுத்த அதே எழும்பல், காற்றில் அதே உதை. பச்சைப் பனியன்கள் விசிலடித்துக் குதித்தன. தங்கம் அவர்களுக்கு.

வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இது மணலில் பாய்ந்துவிட்டது.

முன்பு ஆசிரியர் கூட்டத்தில் ஆளாளுக்கு அவளை மக்கு என்று முத்திரை குத்தியபோது மேசையைத் தட்டியவர் அவர் ஒருவர்தான். "அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு? அவகிட்ட இருக்கறதைப் பாருங்க. இல்லாததையே எதுக்கு நோண்டறீங்க?"

வகுப்பில் பாடம் வாசிக்கச் சொல்லி எழுப்பிவிட்டு, அவள் திருதிருவென்று விழித்ததைப் பார்த்துச் சிரித்தார்களாம். அன்றைக்கே தலைமையாசிரியையிடம் போய் நின்று, அந்த வகுப்பு நேரத்தை அவளுக்குப் பயிற்சி நேரமாக மாற்றிக்கொண்டு வந்தார். ஒருநாள் அவள் பாடப்புத்தகத்தோடு மைதானத்துக்கு வந்து தயங்கி நின்றபோதுகூட, "அதை ஓரமா வை. உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?" என்று செல்லமாகத்தான் சொன்னார்.

இவ்வளவு செய்தவருக்கு இதுதான் பரிசு.

பதக்க மேடையிலிருந்து இறங்கியவளை வழிமறித்தார். அவள் தலை கவிழ்ந்தது. முழங்காலில் மணல் இன்னும் ஒட்டியிருந்தது.

"என்ன காட்டி இழுத்தாங்க? புது ஷூவா?"

"இல்ல சார். இது நீங்க வாங்கிக் குடுத்ததுதான்."

அவர் குனிந்து பார்த்தார். அதேதான். அது இன்னும் அதிகமாக வலித்தது.

"ஹாஸ்டல்ல இடம் தர்றாங்களா?"

"இல்ல சார். அதே வீடுதான்."

"எல்லாரும் உன்னை மக்குன்னு ஒதுக்கினப்ப நான் ஒருத்தன்தானே உன்னை நம்பினேன்?"

"ஆமா சார். நீங்க மட்டும்தான்."

"அப்புறம் ஏன் அம்மாவைப் பொய் சொல்ல வெச்சே? எங்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா விட மாட்டீங்கன்னு பயமா இருந்துச்சு சார்."

"அப்படி நான் தராததை என்னத்தைத்தான் அங்க தர்றாங்க?"

அவள் பதக்கத்தின் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு கண்ணீரோடு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லித் தர்றாங்க சார்."