தலைவர் உருட்டிய உருட்டு

"அன்பார்ந்த குடியிருப்போர்களே! மனித இனம் ஒழுங்காக வாழ வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு, நான் ஒருவனே தட்டச்சு செய்து, இணையத்தில் ஏற்றி, உங்கள் எல்லோருக்கும் லிங்க் அனுப்பியிருக்கும் இந்த நானூறு பக்க விதிமுறை, அடுக்குமாடிகளின் வரலாற்றிலேயே ஈடு இணையற்றது!"

ஆண்டுக் கூட்டத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர் மூச்சு வாங்க நிறுத்தினார். சுவரில் விதிமுறையின் முதல் பக்கம் பெரிதாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிதாக அவர் புகைப்படம் தெரிந்தது.

"ஒரு சின்ன சந்தேகம் சார்." போன மாதம்தான் இரண்டாம் மாடிக்குக் குடிவந்த பல் டாக்டர் எழுந்தார். "ரெண்டு வருஷத்துக்கு மேல ஒருத்தரே தலைவரா இருக்கக் கூடாதுன்னு இதுல ஒரு விதி இருக்காமே? எங்க ஹவுஸ் ஓனர் சொன்னார். உங்களுக்கு இது நாலாவது வருஷமாம். அந்த விதியைக் கொஞ்சம் காட்டுங்களேன். இருந்தா, இன்னிக்கே வேற ஒருத்தரைத் தேர்ந்தெடுத்துடலாம்."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விதி இருந்தது. முந்தைய தலைவரை இறக்குவதற்காக இவரே எழுதியதுதான். அது எங்கே இருக்கிறது என்பதும் இவருக்குத் தெரியும். ஆனால் எட்டு மணிக்கு வாட்ச்மேன் வந்து கூடத்தைப் பூட்டிவிடுவார். அதற்குள் முடிவு எட்டப்படாவிட்டால் இப்போதைய தலைவரே தொடரலாம். அதற்கும் ஒரு விதி இருந்தது. அது மட்டும் முதல் பக்கத்திலேயே இருந்தது.

"தாராளமா பாத்துடலாம் டாக்டரம்மா. மடியில கனமில்லாதவன் நான்."

மவுஸைப் பிடித்து உருட்ட ஆரம்பித்தார். முன்னுரை வந்தது. போய்க்கொண்டே இருந்தது. அது முடிந்ததும் 'முன்னுரை பற்றிச் சில வார்த்தைகள்' வந்தது.

"சார், இடது பக்கம் தலைப்பெல்லாம் வரிசையா நிக்குமே. அதைத் தொட்டா நேரா அந்த இடத்துக்கே போயிடலாம்."

தலைவர் அதைத் திறந்து காட்டினார். துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. தலைப்புகளை அவர் தலைப்பாகக் குறித்திருக்கவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, அடிக்கோடு போட்டதோடு சரி. கத்திப் பேசுகிறவரையெல்லாம் தலைவர் என்று நம்பிவிட அது என்ன மனிதனா? கம்ப்யூட்டராயிற்றே!

"இப்படித் தாவித் தாவிப் போறது படிக்கிற முறையே இல்லைம்மா. படிப்படியாத்தான் ஏறணும்."

"மாடிக்கு லிஃப்ட் இருக்கே சார்?"

"அது ரிப்பேர்," என்றார் செயலாளர், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

"சரி, உள்ளடக்கப் பக்கத்துக்காவது போங்க."

போனார். அதிலிருந்த பக்க எண்கள் கையால் அடித்தவை. பிறகு முன்னுரை ஊதிப் பெருத்ததில், 'தலைவர் தேர்தல்' இருக்க வேண்டிய பக்கத்தில் 'செருப்பு ஸ்டாண்டின் உயரம்' உட்கார்ந்திருந்தது. வந்தது வந்தோம் என்று தலைவர் அதை முழுக்க வாசித்துக் காட்டினார். கொட்டாவி விட்டவர்களுக்காக மறுபடியும் ஒருமுறை வாசித்தார்.

"ஐயோ சார், கண்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்துங்க. தேடுற பெட்டி வரும்."

"இதென்ன பிரம்ம வித்தையா?" தலைவர் அழுத்தினார். பெட்டியில் 'தலைவர்' என்று அடித்தார். ஆயிரத்துச் சொச்சம் இடங்கள் என்று காட்டியது. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.

'தலைவர் வரும்போது எழுந்து நிற்பது விரும்பத்தக்கது.' 'தலைவரின் காருக்கே நிழல்.' 'தலைவர் பேசும்போது இருமுவோர் வெளியே சென்று இருமவும்.'

"இப்படித் தேடினா விடிஞ்சிடும்! லிங்க் என்கிட்டயும் இருக்கு, நானே பாக்கறேன்." டாக்டர் தன் போனை எடுத்தார்.

நான்கு வருடப் பதவி ஒரு பல் டாக்டரின் கட்டைவிரலில் ஆடிக்கொண்டிருந்தது.

நல்லவேளையாக, பக்கத்து நாற்காலியிலிருந்த முதல் மாடி டீச்சர் அந்தக் கையைப் பிடித்து அமுக்கினார். "சும்மா உக்காரு கண்ணு. அவர்தான் தேடிக்கிட்டிருக்கார்ல?" என்றவர், குனிந்து காதிலும் ஏதோ சொன்னார்.

டாக்டர் போனைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

'என்ன இருந்தாலும் மரியாதை தெரிஞ்ச ஜனங்க' என்று தலைவருக்கு நெஞ்சு நிறைந்தது.

வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"நேரம் போதவில்லை. எனவே, எனக்குத் துளியும் விருப்பமில்லாவிட்டாலும், இந்த ஆண்டும் இந்தச் சுமையை நானே சுமக்கிறேன்!"

கூடமே எழுந்து கைதட்டியது. பல் டாக்டர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தலைவர் சோபாவில் சாய்ந்து, கூட்டத்திலிருந்து கூடவே வந்த மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "எப்படி உருட்டினேன் பாத்தியா? ஒரு பயலாலயாவது அந்த விதியைக் கண்டுபிடிக்க முடிஞ்சுதா?"

"இருநூத்திப் பதினெட்டாம் பக்கம்," என்றாள் மனைவி, கதவைத் தாழ்ப்பாள் போட்டபடி.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க முன்னுரையைத் தாண்டுறதுக்குள்ள எல்லாருமே போன்ல தேடி எடுத்துட்டோம். யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு செயலாளர்தான் குரூப்ல போட்டார்."

"எந்தக் குரூப்ல? நான் பாக்கலையே!"

"நீங்க இல்லாத குரூப்."

தலைவர் சற்று யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ, நான் இறங்கிடக் கூடாதுன்னு அத்தனை பேரும் துடிச்சிருக்காங்க!"

"பின்னே? நீங்க இறங்கிட்டா செப்டிக் டேங்க் மூடியைத் தூக்கி யாருங்க எட்டிப் பாக்கறது?"

அது அன்று மதியத்திலிருந்தே அடைத்துக்கொண்டிருந்தது.