நன்றாகக் கறுத்து வா

லாரிப் பட்டறை அலமாரியில் இரண்டு ஆயில் டப்பாக்களுக்குள் சண்டை. வாசலில் நிற்கும் லாரியின் இன்ஜினுக்குள் போகப்போவது யார்?

"நான் சிந்தெடிக், உசத்தி ஆயில். என் தங்க நிறத்தைப் பாரு!"

"உன் விலையைக் கேட்டா டிரைவர் ஓடியே போவாரு," என்றது மலிவு டப்பா.

அதற்குள் லாரியின் பழைய ஆயில் கன்னங்கரேலென்று தட்டில் வழிந்தது. சிந்தெடிக் முகம் சுளித்தது.

"ச்சீ! நீ எந்த மட்டமான சரக்கு?"

"உன் கம்பெனிதான் தம்பி. நானும் உன்னை மாதிரி தங்க நிறத்துலதான் உள்ளே போனேன்."

மெக்கானிக் வால்வைப் பார்க்க இன்ஜின் மூடியைக் கழற்றினார். எத்தனையோ மலை ஏறி இறங்கிய இரும்பு அது. ஒரு கீறல் இல்லை, துளி கரி இல்லை, புதுசாக மின்னியது.

"அண்ணே... அத்தனை அழுக்கையும் நீங்களா வாங்கிக்கிட்டீங்க?" சிந்தெடிக்கின் குரல் அடங்கிவிட்டது.

மெக்கானிக்கின் கை அதைத்தான் எடுத்தது.

மலிவு டப்பா ஒதுங்கி வழிவிட்டது. "போயிட்டு நல்லா கறுத்து வாடா."