லாபம், கக்ஸி, கொல்மே

"லாபம், கக்ஸி, கொல்மே, நெல்யா..."

நமசிவாயம் கொத்தால் நெல்லை அளந்து சாக்கில் கொட்டினார்.

"மகனிட்டைப் பின்லாந்துக்குப் போகப்போறியளோ? கிணத்தடியிலை வாளியையும் அந்தப் பாசையிலைதான் எண்ணுறியள்," என்றாள் நல்லம்மா ஆசையோடு.

"நான் ஒரு இடமும் போகேல்லை. பத்து வரைக்கும் பிழையில்லாமல் எண்ணவேணும், அவ்வளவுதான்."

"அப்ப லாபத்தை மட்டும் ஏன் தமிழிலை விட்டனீங்கள்?"

"முதல் கொத்தை ஆர் ஒண்டெண்டு சொல்லுறது? எந்தப் பாசையெண்டாலும் லாபம் லாபந்தான்."

பின்னேரம் கொட்டிலுக்குப் பின்னால் பேச்சுக்குரல் கேட்டு நல்லம்மா எட்டிப் பார்த்தாள். கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியை நமசிவாயம் கையால் சுற்ற, கரண்டும் பற்றரியும் இல்லாத ஊரில் அந்த டைனமோவில் கசெற் ஓடிக்கொண்டிருந்தது.

"வெள்ளைக்காரியைக் கட்டினவன் என்ரை பிள்ளையில்லை" என்று போன வருசம் அவர் எரிக்கச் சொன்ன கசெற். அரிசிப் பானைக்குள் அவள் ஒளித்துவைத்தது.

மருமகளின் குரல் தட்டுத்தடுமாறித் தமிழில் எண்ணி, ஒவ்வொன்றையும் தன் பாசையிலும் சொன்னது. "மாமா... லாபம், யுக்ஸி. இரண்டு, கக்ஸி..."

அவளைக் கண்டும் அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பிள்ளை லாபத்திலை தொடங்கி நூறு வரைக்கும் எண்ணியிருக்கு. நான் பத்துக்கூட எண்ணாமல் என்னெண்டு பதில் அனுப்பிறது? இந்தா, நீ சுத்து. எட்டுத்தான் வாயிலை வருகுதில்லை."